கள்ளிமுனித் திருநீறு

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறும் பாதையில், பஸ் மூச்சு வாங்கித் திரும்பும் மூன்றாவது வளைவுக்கு மேலே ஒரு பங்களா இருக்கிறது. முன்பு அதில் தேயிலைத் தோட்டத்துத் துரை இருந்தார். இப்போது அது ஹோட்டல். அதன் கேற்றுக்குள் கால் வைக்கப் பயந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உள்ளே வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரருக்குத் தேநீர் ஊற்றுகிறார்கள். இதற்கு முன்னேற்றம் என்று பெயர்.

அந்த ஹோட்டலின் பெருமை பதினொரு கள்ளிகள். சப்பாத்துக்கள்ளி, திருகுகள்ளி போல வேலியோரத்தில் தானாக வளரும் ஏழைக் கள்ளிகள் என்று நினைத்துவிடக் கூடாது. பெரு நாட்டு மலையொன்றிலிருந்து வந்த சாதி. நீலம் பாய்ந்த பச்சையில், தூண் தூணாக, ஆள் உயரத்துக்கும் மேலே நிற்பவை. மழை படாமல் கண்ணாடிக் கூரை போட்டிருந்தார்கள். சொந்த நாட்டிலேயே சில நூறுதான் மிச்சம் என்று பக்கத்துப் பலகை நாலு மொழியில் சொன்னது. நாலில் தமிழ் இல்லை. ஆகவே அவற்றுக்குத் தண்ணீர் விட்டு, பூச்சி பார்த்து, முள் குத்திய விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்ட கலாராணிக்கு அவை எவ்வளவு அரியவை என்பது பல வருஷம் தெரியாது. தெரியாமலே நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

கலாராணிக்கு நாற்பத்தேழு வயது. முதலில் தோட்டத்து நர்சரியில் தேயிலைக் கன்று போட்டாள். பிறகு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனாள். ஒரு மழைநாளில் கூடையோடு வடிகால் கானுக்குள் விழுந்து வலது முழங்கால் பிசகியதும், சரிவில் நிற்க இவளால் ஆகாது என்று பங்களாத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பங்களா ஹோட்டலானபோது அவளையும் கதிரை மேசையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். பெயர் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில், வேலை ஹோட்டலில். அவசரம் வந்தால் இரண்டு பக்கமும் இவள் எங்கள் ஆள் இல்லை என்று சொல்ல வசதியான ஏற்பாடு. பன்னிரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

இந்தக் கதைக்குள் ஐயா இரகுநாதன் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஏதோ ஒரு திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருஷம் பயிர்களைப் பற்றிக் கோப்புகள் எழுதி, ஓய்வுபெற்று, பதுளை டவுனில் வீடு கட்டிக்கொண்ட யாழ்ப்பாணத்துப் பெரியவர். கள்ளி வளர்ப்போர் சங்கம் ஒன்றுக்குத் தலைவர். சங்கத்தில் எத்தனை பேர் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை, அவர் மனம் நோகும். ஹோட்டலை நடத்தும் கம்பனியின் முதலாளியான கொழும்புப் பெரியம்மாவுக்கு ஓர் ஆசை: இந்தக் கள்ளி விதை பிடிக்க வேண்டும், அந்த விதையில் கன்று முளைக்க வேண்டும், கம்பனியின் ஒவ்வொரு ஹோட்டல் வாசலிலும் அது நிற்க வேண்டும். அதற்கு ஆலோசகராக வந்தவர்தான் இரகுநாதன்.

அந்தக் கள்ளி வருஷத்தில் ஒரு தரம், கச்சான் காற்று வறட்டி எடுக்கும் ஆனி ஆடியில் பூக்கும். பொழுது சாய விரிந்து, மறுநாள் வெயில் ஏறியதும் வாடிவிடும். கையகல வெள்ளைப் பூ. இந்த ஊரில் அதற்கு மகரந்தம் கொண்டுவரும் வௌவாலோ பெரிய விட்டிலோ இல்லாதபடியால், மனிதர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இரகுநாதன் விடியற்காலையில் காரில் வந்து இறங்குவார். வெள்ளைக் கோட்டு, தலையில் லைட், கையில் ஒட்டக முடித் தூரிகை. ஏணியில் ஏறி, மூன்றாம் நம்பர் கள்ளியின் மகரந்தத்தை ஏழாம் நம்பருக்கும், ஏழாம் நம்பரினதை பத்துக்கும் தடவுவார். ஒவ்வொன்றுக்கும் நூலில் துண்டு கட்டுவார். கீழே நின்று ஏணியைப் பிடிப்பது கலாராணி. நாலாம் நாள் பூக்கள் எல்லாம் காம்போடு விழும். அவற்றைக் கூட்டி அள்ளுவதும் கலாராணிதான்.

முதல் வருஷம் காற்றில் ஈரம் போதாது என்றார். இரண்டாம் வருஷம் ஈரம் கூடிவிட்டது என்றார். மூன்றாம் வருஷம் காரணங்கள் தீர்ந்துவிட்டபடியால் ஏணி பிடித்தவளைப் பார்த்தார்.

"உம்முடைய கைராசியும் சரியில்லைப் போல கிடக்கு" என்றார், விஞ்ஞானி.

கலாராணிக்குக் காரணம் முதல் வருஷமே தெரியும். கடைசித் துரை காலத்தில் பங்களாவில் நின்றது ஒரே ஒரு கள்ளி. ஒரு மார்கழி மழையில் அதன் அடி அழுகத் தொடங்கியது. துரை சொல்ல, கத்தியைச் சுட்டு, அதைப் பதினொரு துண்டாக நறுக்கியது இவள். நிழலில் இரண்டு வாரம் காயவைத்து, மணலில் ஊன்றி, வேர் பிடிக்க வைத்ததும் இவள். பெயருக்குத்தான் பதினொன்று. உள்ளுக்குள் எல்லாம் அந்த ஒன்றே. தேயிலை நர்சரியில் வேலை செய்தவளுக்கு இதை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. ஒரு தாய்ச் செடியில் வெட்டிய வீ.பீ. கன்று ஒரு மலை முழுக்க நின்றாலும் அது ஒரே செடிதான். விதைக்கென்று தேயிலை விடுகிற இடத்தில் இரண்டு சாதியைப் பக்கத்தில் பக்கத்தில் நடுவார்கள். இந்தக் கள்ளியும் தன்னைத் தானே கட்டிக்கொள்ள மறுக்கிறது. மானமுள்ள செடி.

அவள் சொல்லாமலும் இல்லை. ஐயா, இது எல்லாம் ஒரே செடிங்க, நான்தான் வெட்டி வச்சேன் என்று வருஷத்துக்கு ஒரு தரமாவது சொன்னாள்.

"ஒரே இனம் எண்டு சொல்லும்" என்று அவர் அவளைத் திருத்தினார். "செடி வேற, இனம் வேற. இது மரபியல், பிள்ளை, உமக்கு விளங்காது. ஏணியை நேரா பிடியும்."

அவள் நேராகப் பிடித்தாள்.

மூன்றாம் வருஷம் முதல் கொத்துப் பூ விழுந்த அன்று, ஹோட்டல் மனேஜர் மர்ஸூக் அவளை ஒபிசுக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட செய்தியைச் சொல்லும்போது எதிரே இருப்பவருக்குத் தேநீர் கொடுக்கச் சொல்லும் பண்பு அவருக்கு உண்டு. கொழும்புப் பெரியம்மா பொறுமை இழந்துவிட்டார் என்றார். மிச்சம் இருக்கும் மொட்டிலும் காய் பிடிக்காவிட்டால் கள்ளிப் பிரிவை மூடிவிடுவார்களாம். கலாராணியைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்புவார்களாம். தோட்டம் என்றால் மலை. மலை என்றால் சரிவு, கான், முதுகில் கூடை. அவளது முழங்கால் அந்த வார்த்தையைக் கேட்டதுமே வலிக்கத் தொடங்கியது. தேநீரைக் குடிக்காமல் வந்துவிட்டாள். பயமாக இருந்தது அவளுக்கு. ஒரு நாளைக்கு இரண்டு முறை அந்தச் சரிவில் ஏறி இறங்கினால், அடுத்த மழைக்குள் தன்னால் நடக்கவே முடியாது என்று நன்றாகத் தெரிந்தது.

இனி வேறொரு கள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கடைசித் துரை எங்கிருந்தோ விதைப் பொட்டலம் ஒன்று தருவித்து நர்சரியில் போடச் சொன்னார். முளைத்தது இரண்டே இரண்டு. நிமிர்ந்து வந்தது பங்களாவுக்குப் போனது. மற்றது கோணலாக இருந்ததால் எறியச் சொன்னார். எறியச் சொன்னதை எறியாமல் வைத்துக்கொள்வது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் சனங்களின் பழக்கம். இல்லாவிட்டால் லயத்தில் பாதிச் சாமான் இருக்காது. கலாராணி அதைக் கொண்டுபோய்த் தன் லயத்தின் கடைசி அறையான காம்பராவுக்குப் பின்னால் நட்டாள். துணி காயப்போடும் கம்பிக்கு ஒரு பக்கத்துத் தூண் தேவையாக இருந்தது.

கம்பித் தூணாக ஒழுங்காக வாழ்ந்த அந்தக் கள்ளிக்கு எட்டு வருஷத்துக்கு முன் வாழ்க்கை மாறியது. ஐப்பசி மழையில் பின்பக்கத்து மலை சரிந்து இறங்கியது. மண்ணும் கல்லும் வேரோடு தேயிலையும் வந்து, கள்ளியைத் தொடாமல் இரண்டு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. பன்னிரண்டு குடும்பம் தப்பியது. அதிகாரிகள் வந்து அளந்து, லயம் ஆபத்தான இடம், உடனே எழும்ப வேண்டும், புது வீடு வரும் என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். வீடு வரவில்லை. பலகையை மறுமழை கொண்டுபோனது. ஆக, சொன்ன இடத்தில் நின்று காப்பாற்றியது கள்ளி ஒன்றுதான் என்பதைச் சனங்கள் கவனித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ அதன் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதற்கடுத்த வெள்ளிக்குச் சிவப்புத் துணி. பிறகு ஒரு சூலம். ஃபெக்டரி மிஷினுக்கு ரோதைமுனியும் தேயிலை நறுக்கும் கவ்வாத்துக் கத்திக்குக் கவ்வாத்துச்சாமியும் இருக்கும் மலையில், மண்சரிவுக்கு ஒரு சாமி இல்லாதது பெரிய குறையாகத்தான் இருந்தது. கள்ளிமுனி என்று பெயரும் வைத்தாயிற்று. கலாராணி தன் துணியை வேறு இடத்தில் காயப்போட்டாள்.

பூசாரி ரெங்கம்மா. கொழுந்து எடுத்து ஓய்ந்த விதவை, கலாராணிக்கு மதினி முறை. அவரை யாரும் நியமிக்கவில்லை. முனி பூக்கும் நாட்களில் விடிந்ததும் பூவை அறுத்து அடியில் வைத்துப் படைப்பார். சாமிப் பூவை வேறு யாரும் தொடக் கூடாது.

மர்ஸூக்கின் ஒபிசிலிருந்து திரும்பிய அன்று மாலை கலாராணி மதினியிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். பூ வேண்டாம், பூவுக்குள் இருக்கும் பொடி மட்டும் போதும் என்றாள்.

"பொடியில என்னா இருக்கு, எடுத்துக்க" என்றார் ரெங்கம்மா. "ஆனா சும்மா தூக்கிட்டுப் போகாத. சாமி சொத்து. திருநூத்துக் காயிதத்துல மடிச்சுக் கொண்டு போ."

மறுநாள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணிக்கு வெகு முன்பே, இருட்டோடு, கலாராணி ஸ்டூல் போட்டு ஏறி முனியின் பூவிலிருந்து மகரந்தத்தை விரலால் தட்டி எடுத்தாள். திருநீறு மடித்திருந்த பேப்பர்த் துண்டில் கொட்டி மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு பங்களாவுக்கு ஏறினாள். இரகுநாதன் இன்னும் வந்திருக்கவில்லை. விரிந்திருந்த மூன்று பூக்களின் நடுத்தண்டில் அந்தப் பொடியைத் தொட்டு வைத்தாள். முனியிடம் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளவும் மறக்கவில்லை. எது பலித்தாலும் சரி என்ற நிலை அவளுக்கு.

நாலாம் நாள் மூன்று பூவும் விழவில்லை. வாடின, ஆனால் காம்பு பசுமையாக நின்றது. பத்தாம் நாள் காய் உருண்டு தெரிந்தது. மர்ஸூக் கொழும்புக்கு ஃபோன் போட்டார். கலாராணி கண்ணாடிக் கூரைக்கடியில் யாரும் பார்க்காமல் அழுதாள்.

யாரும் பார்க்கவில்லை என்றா சொன்னேன்? கெமரா பார்த்தது. முந்திய வருஷம் ஒரு விருந்தினர் கள்ளித் துண்டொன்றைத் தொப்பிக்குள் மறைத்துக் கொண்டுபோனபின் பொருத்திய கெமரா. அன்று விரிந்த மூன்று பூவில் மட்டும் காய் பிடித்ததைக் கண்ட இரகுநாதன் அந்த நாள் பதிவைப் போட்டுப் பார்த்தார். திரையில் ஒரு பெண் வருகிறாள், திருநீற்று மடிப்பை அவிழ்க்கிறாள், பூவுக்குப் பூசுகிறாள், கும்பிடுகிறாள்.

அவளைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கேட்பது ஆலோசகர் வேலை இல்லையே. அவர் இரண்டு இரவு யோசித்தார். திருநீறு என்றால் சாணச் சாம்பல். சாம்பல் என்றால் காரம். காரம் பட்டதும் சூல்முடி இளகி, தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிட்டது! தம் மூதாதையர் எத்தனை பெரிய இரகசியத்தை நெற்றியில் பூசிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள் என்று நினைக்க அவருக்குக் கண் கலங்கியது. சங்கக் கூட்டத்தில் உயிர்ச்சாம்பல் முறை என்று ஒரு மணி நேரம் பேசினார். படமும் காட்டினார். படத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. தோட்டத் தொழிலாளி ஒருவர் என் வழிகாட்டலில், என்று அந்தக் கையைப் பற்றிச் சொன்னார்.

காய் வெடித்தது. கடுகிலும் சிறிய கறுப்பு விதைகள். கலாராணி அவற்றைக் கழுவி, சலித்த மணலும் மக்கிய இலையும் கலந்து, கேக் பெட்டிகளில் தூவி, மூடி போட்டு வைத்தாள். மூன்றாம் கிழமை பச்சைப் புள்ளிகள் எழும்பின. நூற்று நாற்பது. ஒவ்வொன்றிலும் பூனை மயிர் போல் இரண்டு முள். தினமும் மூடியைத் திறந்து அவற்றைப் பார்ப்பதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை இந்தக் கதையில் கிண்டல் பண்ண எனக்கு மனமில்லை.

கிண்டலை விதி பார்த்துக்கொண்டது. புரட்டாதி முடிவில் மர்ஸூக் மறுபடியும் தேநீர் சொன்னார். முறை கண்டுபிடித்தாயிற்றாம். இனி யார் வேண்டுமானாலும் சாம்பல் தூவலாம், தண்ணீர் விடலாம், ஆகவே தனியாக ஓர் ஆள் தேவையில்லை என்று ஆலோசகர் அறிக்கை எழுதியிருக்கிறாராம். காய் பிடிக்காவிட்டால் மலைக்கு என்றார்கள். காய் பிடித்தது, மலைக்கு என்றார்கள். கலாராணி அதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு கூடையைத் தேடப் போனாள்.

அவள் மலைக்குப் போன பிறகு நாற்றுகளை ஹோட்டல் ஒழுங்குமுறைப்படி கவனித்தார்கள். ஒழுங்குமுறையில் காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் தண்ணீர் என்று இருந்தது. வெளியே ஐப்பசி மழை கொட்டும்போதும் ஒழுங்கு தவறாமல் ஊற்றினார்கள். மார்கழிக்குள் நூற்று நாற்பதும் அழுகிக் கரைந்தன. லயத்துக்கு வந்து யாரோ சொன்னபோது கலாராணி முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அறிக்கை எழுதினவன் வீடு விளங்காது என்று வாய் வரைக்கும் வந்ததை, முனி பக்கத்தில் இருப்பதால் பலித்துத் தொலைக்குமே என்று விழுங்கிக்கொண்டாள்.

அடுத்த ஆனி வந்தது. பங்களாக் கள்ளிகளில் முப்பத்தேழு பூ. இரகுநாதன் முப்பத்தேழுக்கும் உயிர்ச்சாம்பல் போட்டார். முதலில் பதுளைக் கடையில் வாங்கியது, அடுத்து யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைத்தது, கடைசியாக உறவினர் ஒருவர் பழனிக்குப் போய்க் கொண்டுவந்தது. கள்ளிகள் நெற்றியில் பட்டை போட்ட சிவனடியார்களாக நின்றன. பூக்கள் வந்த வரிசையில் விழுந்தன. மிச்சம் இருந்தது கடைசிக் கொத்து மொட்டு மட்டும். அறிக்கையோடு கொழும்புக்கு வரச் சொன்னார் பெரியம்மா. இரகுநாதன் கெமராப் பதிவை மறுபடி போட்டு, அந்தப் பேப்பர் மடிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தார். சாம்பலில் பிழையில்லை, சாம்பல் வந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று முடிவுகட்டினார்.

அன்று பின்னேரம் கார் லயத்துக்குக் கீழே நின்றது. கலாராணி அப்போதுதான் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்தாள். அவர் வாசலில் நின்று, முதல் தடவையாக, சுகம் விசாரித்தார். பிறகு கேட்டார்.

"அண்டைக்கு நீங்கள் போட்டது எந்தக் கோயில் திருநீறு?"

நீர் நீங்களாகி இருந்ததை அவள் கவனித்தாள்.

"கள்ளிமுனி கோயிலுங்க. பின்னுக்குத்தான் இருக்கு, வாங்க" என்றாள்.

பின்பக்கம் ரெங்கம்மா விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். முன்னால் நாலு பேர் நிற்பதால் வரிசையில் நிற்கச் சொன்னார். முப்பத்திரண்டு வருஷம் கோப்பில் கையெழுத்து வைத்த மனிதர், வெறுங்காலோடு, கொழுந்துச் சாக்கு கட்டிய பெண்களுக்குப் பின்னால் நின்றார். முறை வந்ததும் கையை நீட்டினார். நிமிர்ந்து பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

சிவப்புத் துணிக்கு மேலே, எட்டடி உயரத்தில், கொஞ்சம் கோணலாக, நீலம் பாய்ந்த பச்சைத் தூண். உச்சியில் இரண்டு வெள்ளைப் பூ மெல்ல விரிந்துகொண்டிருந்தது.

"இது வேற செடி" என்றார் இரகுநாதன்.

"ஆமாங்க. விதையில மொளைச்சது. அங்கன இருக்கிறது பதினொண்ணும் ஒரே செடிங்க. நாலு வருசமா அதத்தாங்க சொல்றேன்."

கொஞ்சம் மகரந்தம் கிடைக்குமா என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கலாராணி மதினியைப் பார்த்தாள். ரெங்கம்மா கண்ணை மூடினார். உடம்பு இலேசாக ஆடியது. சாமி வருவதற்கு வழக்கமாக உடுக்கு வேண்டும்; அன்று அது இல்லாமலே வந்தது.

"கடுதாசி" என்றது முனி. "என் புள்ளைக்கு பங்களாவுல நெரந்தர வேலன்னு கடுதாசி. மூணு பாசையிலயும். ஒப்பத்தோட."

சாமிக்கு மனேஜரின் கையெழுத்து தேவைப்படுவதை அங்கே யாரும் வினோதமாக எடுத்துக்கொள்ளவில்லை. லயத்தில் வாய்ச் சொல்லை நம்பி வீட்டுக்காகக் காத்திருப்பவர்கள் பன்னிரண்டு குடும்பம்.

மறுநாள் இருட்டோடு மர்ஸூக்கும் இரகுநாதனும் கடிதத்தோடு வந்தார்கள். அந்நேரத்தில் தேநீர் சொல்ல வழியில்லாததால் மர்ஸூக் சற்றுத் தடுமாறினார். கலாராணி தமிழ்ப் பக்கத்தை எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தாள். தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். மடித்து முனியின் காலடியில் ஒரு நிமிஷம் வைத்து எடுத்து, பிறகுதான் ஸ்டூலில் ஏறினாள்.

ஆறு மணிக்குப் பெரட்டில் கணக்கப்பிள்ளை கலாராணியின் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார். அவள் அப்போது பங்களாவின் கண்ணாடிக் கூரைக்கடியில், கள்ளி உயரத்துக்கு, கையில் ஒரு பேப்பர் மடிப்போடு நின்றாள். முழங்கால் வலிக்கத்தான் செய்தது. கீழே, நெற்றி நிறையத் திருநீற்றோடு, இரகுநாதன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நேரா புடிங்க" என்றாள்.